கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஊர்

"பிரிண்ட் குடுத்தா சிஸ்டம் ஆஃப் ஆயிருதுண்ணே." திண்டுக்கல் பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்கு இந்தப் புகார் புதிதல்ல. கலெக்டர் அலுவலகம், கோர்ட்டு, பத்திரப்பதிவு அலுவலகம், பஸ் ஸ்டாண்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். கடைக்குள் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேசர் பிரிண்டர், மேசைக்கடியில் ஒரு யுபிஎஸ். வருமானச் சான்றிதழோ சிட்டா நகலோ எடுக்க ஆள் வந்து நிற்கும்போது பிரிண்டர் உறுமத் தொடங்கும். யுபிஎஸ் கத்தும். திரை இருண்டுவிடும். விண்டோஸை மறுபடி ஏற்றிப் பார்ப்பார்கள், டிரைவரை மாற்றிப் பார்ப்பார்கள், ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்பார்கள். பழுது போகாது. ஏனென்றால் கம்ப்யூட்டரில் பழுதே இல்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ், பெரும்பாலும் 360 வாட் வரைதான் சுமை தாங்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதில் 150 வாட் எடுத்தால் மீதி 210. லேசர் பிரிண்டரின் தூள் மை, நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். நிலைமின்சாரத்தால் அது தாளில் வந்து உட்கார்ந்தாலும், ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் உருக வேண்டும். அதற்காக உள்ளே ஃபியூசர் என்ற சூடேற்றும் உருளை இருக்கிறது. அதன் வெப்பம் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். சூடேற்றும் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் பல நூறு வாட் இழுக்கும். யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடுகிறது.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தபோதும் இதே இரண்டு படிகள்தான். நிலைமின்சாரத்தால் தூளை இழுத்துக்கொள், சூட்டால் அதை ஒட்டவை. 1984இல் எச்பி லேசர்ஜெட் மேசைக்கு வந்தபோதும் அது மாறவில்லை. ஆகவே லேசர் பிரிண்டரைச் சுவர் பிளக்கில் நேராக மாட்ட வேண்டும். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும் போதும். நடுவில் கரண்ட் போனால் நஷ்டம் ஒரு தாள், அவ்வளவே.

டெஸ்க்டாப் பழுதுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். பழுது தெரிகிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிண்டர் தட்டில் இருக்கும் தாள் வரை எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று. அந்தச் சுற்றில் ஊரும் ஒரு பாகம். திண்டுக்கல் சமவெளியின் ஆழ்துளை மோட்டார்கள், அடியில் கிடக்கும் பாறை, நூல் மில்களின் பஞ்சு, சித்திரை வெயில், ஐப்பசி மழை ஆகிய ஐந்தும் அந்தப் பெட்டிக்குள் வந்து போகின்றன.

230 என்பது ஒரு பேச்சுக்கு

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று பள்ளியில் படித்திருப்போம். கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கிறது. அது மூன்று ஃபேஸ் கணக்கு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250 வோல்ட் வரும். கம்பி நீள நீள வோல்டேஜ் குறையும் என்பதால்தான் தொடக்கத்திலேயே கூட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டுக்கு 250, லைனின் கடைக்கோடி வீட்டுக்குச் சில மாலைகளில் 190 என்றுகூட அமைந்துவிடும். ஒரே கம்பெனி கம்ப்யூட்டர் ஒரு தெருவில் ஒழுங்காக ஓடி, அடுத்த தெருவில் ஒருநாளைக்கு நாலு தடவை ரீஸ்டார்ட் ஆவதன் ரகசியம் இது.

வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் இதோடு மோட்டாரும் சேர்கிறது. மழை குறைந்த இந்தச் சமவெளியில் விவசாயம் கிணற்றையும் போரையும் நம்பியது. தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதல் பம்ப்செட் மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் வந்ததும் பல மோட்டார்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பும். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கும் இணைப்பு போனால் பல்பு மங்கி எழும். பல்புக்கு அது கண் சிமிட்டல். கம்ப்யூட்டருக்கு அப்படியல்ல.

சிபியுவின் பின்புறம் மின்கம்பி செருகும் பெட்டிக்குப் பெயர் எஸ்எம்பிஎஸ். அது உள்ளே வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட். கெப்பாசிட்டரில் நிற்பது அதுதான். பிறகு அதை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக உடைத்து மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. தெருக்குழாய் நின்றாலும் மாடித் தொட்டியில் இருக்கும்வரை வீட்டில் தண்ணீர் வருவதைப்போல, வெளியே மின்சாரம் தடுக்கினாலும் கெப்பாசிட்டரில் இருப்பு உள்ளவரை கம்ப்யூட்டர் ஓடும்.

அந்த இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? 330 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சுவரிலிருந்து எடுக்கும் சுமை 150 வாட், கெப்பாசிட்டரில் 220 வோல்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் சமாளிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் மின்சாரம் 230 வோல்ட்டாக இருந்தபோது தடை ஏற்பட்டால் சுமார் 60 மில்லிநொடி தாங்கும். 200 வோல்ட்டாக இருந்தால் சுமார் 35 மில்லிநொடி. 170 என்றால் வெறும் 10 மில்லிநொடி. கெப்பாசிட்டரின் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் தாங்கும் நேரம் ஆறில் ஒன்றாகிவிடுகிறது. லோ வோல்டேஜில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சின்னத் தடுக்கலைக்கூடத் தாங்காத நிலையில் ஓடும்.

இன்வெர்ட்டர் விட்டுக்கொடுக்கும் இடைவெளி

2008இல் தொடங்கி 2013 வரை நீண்ட மின்வெட்டை மறந்தவர் இங்கே குறைவு. 2012இன் கடைசி மாதங்களில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. வசதி இருந்தவர்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பலர் கம்ப்யூட்டரையும் அதிலேயே மாட்டினார்கள். "இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனா சிஸ்டம் அணையுது, சில நாள் அணையறதில்ல" என்ற புதிர் அப்போது பரவியது.

மேலே போட்ட கணக்கே விடை சொல்லிவிடும். கரண்ட் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். கம்ப்யூட்டருக்கென்று செய்த யுபிஎஸ் பத்து மில்லிநொடிக்குள் மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் 40 மில்லிநொடி வரைகூட எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் நன்றாக இருந்த நேரத்தில் கரண்ட் போனால் கெப்பாசிட்டர் 60 மில்லிநொடி தாங்கிவிடும். லோ வோல்டேஜில் இருந்து போனால் 35இலேயே தீர்ந்துவிடும்.

பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்; ஒரு பக்கம் நார்மல், மறுபக்கம் யுபிஎஸ். பலரும் அதைத் தொட்டதே இல்லை. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. நார்மல் நிலையில் சுமார் 100 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரிக்கு மாறும் இன்வெர்ட்டர், இந்த நிலையில் 180ஐ ஒட்டியே மாறிவிடும். ஃபேனுக்கு முதலாவது போதும். கம்ப்யூட்டருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"புது யுபிஎஸ், அஞ்சு நிமிஷம்கூட நிக்கல" என்பது அடுத்த புகார். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட் சுமைக்கு அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த 7 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 13 ஆம்பியருக்கு மேல் வேகமாக உறிஞ்சும்போது ஈய-அமில பேட்டரி தன் இருப்பில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் அது நல்ல பேட்டரி. இதன் ஆயுளைக் கணிப்பது 25 டிகிரி வெப்பத்துக்கு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் 35 டிகிரிக்குக் குறையாத அறையில், காற்றுப் புகாத மேசைக்கடியில் யுபிஎஸ்ஸை வைத்தால், நாலு வருடம் வர வேண்டிய பேட்டரி இரண்டு வருடத்தில் படுத்துவிடும்.

மூன்றாவது துளை

சிபியுவைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஓர் உணர்வு. செருப்புப் போட்டிருந்தால் தெரியாது. ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் நன்றாகத் தெரியும். டெஸ்டரை வைத்தால் எரிகிறது. "லேசாத்தான் ஷாக் அடிக்குது, ஒண்ணும் பண்ணாது" என்று பழகிக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் யுஎஸ்பி போர்ட் எரிவதற்கும், பிரிண்டர் திடீரென்று ஊமையாவதற்கும் பல நேரம் வேர் இங்கேதான்.

எஸ்எம்பிஎஸ் வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்சுகளால் இயங்குவது. அது எழுப்பும் மின்னிரைச்சல் லைனுக்குள் போகாதிருக்க, ஃபேஸிலிருந்து இரும்புக் கூட்டுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு ஒன்றும் என்று இரண்டு சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். கூடு எர்த்தோடு இணைந்திருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால்? இரண்டு சம கெப்பாசிட்டர்களுக்கு நடுவே மாட்டிய கூடு, 230இல் பாதியான 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டரின் நியான் விளக்கு எரிய அது போதும். கசிவின் அளவு ஒரு பெட்டிக்குக் கால் மில்லிஆம்பியரை ஒட்டி இருக்கும். ஆளைக் கொல்லும் அளவு அல்ல. ஆனால் சிபியு, மானிட்டர், பிரிண்டர் என்று எர்த் இல்லாத ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டிய எல்லாவற்றின் கசிவும் கூடும். தவிர, உள்ளே உண்மையிலேயே ஃபேஸ் கம்பி தளர்ந்து கூட்டைத் தொட்டாலும் டெஸ்டர் இதேபோல்தான் எரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல டெஸ்டரால் முடியாது. ஆகவே எரிந்தால் அலட்சியம் கூடாது.

இனி பிரிண்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர் எர்த் உள்ள பிளக்கில், பிரிண்டர் எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரின் கூடு 115 வோல்ட்டில் மிதக்கிறது. கம்ப்யூட்டரின் கூடு பூஜ்யத்தில். இரண்டையும் இணைக்கும் ஒரே பாலம் யுஎஸ்பி கேபிள். செருகும் கணத்தில் மிதந்துகொண்டிருந்த மின்னேற்றம் அதன் வழியே பாய்கிறது. யுஎஸ்பியை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் வெளி உலோக உறை முதலிலும், மின்சார ஊசிகள் அடுத்தும், தகவல் ஊசிகள் கடைசியிலும் தொடுமாறு அமைத்தார்கள். உறை தளர்ந்த பழைய கேபிளில் அந்த வரிசை குலையும். மூன்று வோல்ட் சொச்சத்தில் பேசும் சிப், நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு குத்து வாங்கும். எனவே இரண்டையும் அணைத்துவிட்டு கேபிளைச் செருகுவது, இரண்டையும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து மாட்டுவது ஆகிய இரு பழக்கங்களும் புது மதர்போர்டின் செலவை மிச்சப்படுத்தும்.

சுவர் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய துளைதான் எர்த். அதற்கான ஊசி மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, செருகும்போது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியில் விடுவதற்காக. அந்த ஊசியை வெட்டி இரண்டு ஊசிப் பிளக்காக்குவது இங்கே சாதாரணம். துளை இருந்தாலும் பின்னால் கம்பியே போகாத வீடுகள் உண்டு. கம்பி போனாலும் அது போய்ச் சேரும் மண் எப்படி என்பது அடுத்த கேள்வி. திண்டுக்கல்லில் அந்தக் கேள்வி பெரியது.

நகரின் நடுவே கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறையைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊரின் அடித்தளம் என்ன என்று. பல இடங்களில் சில அடி செம்மண்ணுக்குக் கீழே கடினப் பாறை தட்டும். மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம்-மீட்டர் என்ற அலகில் அளப்பார்கள். ஈரக் களிமண்ணுக்குச் சில பத்துகள். காய்ந்த பாறைக்கு ஆயிரக்கணக்கில். குழாய் எர்த்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளக் குழாய் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043. பாறை தட்டிய இடத்தில் குழியைப் பாதியில் நிறுத்திவிட்டால் எர்த் பெயருக்குத்தான். கரியும் உப்பும் போட்டு நிரப்புவது, ஈரத்தையும் அயனிகளையும் பிடித்துவைப்பதற்காக. குழி காய்ந்துவிட்டால் அதனால் பயனில்லை. மார்கழியில் ஒழுங்காக இருந்த எர்த் வைகாசியில் செத்துப்போவது இப்படித்தான். கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தில் முழு அறிவியலும் இருக்கிறது.

மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு செய்கிறார்கள். மீட்டர் எடுப்பது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு மோசமான எர்த்தும் தடை காட்டாது. எலெக்ட்ரீஷியன்கள் குண்டு பல்பை மாட்டிப் பார்ப்பது இதனால்தான். பல்பு நிஜமாகவே மின்னோட்டம் கேட்கும். எர்த் சரியில்லாவிட்டால் மங்கும். ஆனால் அந்த நேரத்தில் எர்த் கம்பியோடு இணைந்த எல்லா இரும்புக் கூடுகளிலும் ஆபத்தான வோல்டேஜ் ஏறி நிற்கும். அந்தச் சோதனையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

நியூட்ரல் கட்

"நியூட்ரல் கட் ஆயி தெருவுல அத்தனை டிவியும் போச்சு" என்ற செய்தி வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஊரிலிருந்து வரும். ஒவ்வொரு வீடும் ஒரு ஃபேஸுக்கும் பொது நியூட்ரலுக்கும் நடுவே தொங்குகிறது. காற்றிலோ துருவிலோ நியூட்ரல் அறுந்தால், ஒரு ஃபேஸில் இருக்கும் வீடும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் வீடும் 400 வோல்ட்டை வரிசையாகப் பங்குபோட்டுக்கொள்ள நேரும். பங்கு சமமாக விழாது. ஒரு வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், அடுத்த வீட்டில் 150 வாட் கம்ப்யூட்டர் என்றால், அயர்ன் பாக்ஸுக்கு 52 வோல்ட்டும் கம்ப்யூட்டருக்கு 348 வோல்ட்டும் வரும். குறைவாக மின்சாரம் எடுப்பவருக்கே அதிக அடி. 348இன் உச்சி 490ஐத் தாண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் தாங்குவது 400 அல்லது 450 வோல்ட். 'டமார்' என்ற சத்தம் அங்கிருந்துதான்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. வீட்டில் சில விளக்குகள் கூசும்படி எரிந்து, அதே நேரத்தில் சில விளக்குகள் மங்கினால், யோசிக்காமல் மெயினை இறக்கிவிட வேண்டும். மூன்று ஃபேஸும் வரும் வீட்டில் இது உடனே தெரியும். ஒரே ஃபேஸ் வரும் வீட்டில் எல்லா விளக்கும் சேர்ந்து பளீரென்று எரிந்தாலும் எச்சரிக்கைதான். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லலாம். சாதாரண ஸ்பைக் பஸ்டர் இதைத் தடுக்காது. அதற்குள் இருக்கும் பாதுகாப்புத் துண்டு ஒரு மின்னல் வெட்டு அளவுக்குக் குறுகிய குத்துகளை விழுங்கத்தான்; நிமிடக் கணக்கில் நீடிக்கும் உயர் வோல்டேஜில் அது தானே கருகிவிடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவிதான் இதற்கு மருந்து. இடி மழைக்கு அதுவும் போதாது. மின்பிளக்கை உருவினாலும் இணைய கேபிள் வழியே குத்து வரும் என்பதால் அதையும் கழற்றி வைப்பதுதான் பத்திரம்.

பஞ்சும் வெயிலும்

வேடசந்தூர் சுற்றுவட்டாரத்தின் நூல் மில்கள், சின்னாளபட்டியின் தறிகள் என்று இந்த மாவட்டத்தின் காற்றில் பல இடங்களில் பஞ்சு மிதக்கிறது. சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும். பஞ்சு அப்படியல்ல, ஒன்றோடொன்று பின்னி, பிராசஸர் மேல் இருக்கும் வெப்பத்தகட்டின் இடுக்குகளில் கம்பளி போலப் படியும். காற்றுப் போகாது. கம்ப்யூட்டர் பத்து நிமிடம் ஓடி, சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். 'பவர் பிராப்ளம்' என்று எஸ்எம்பிஎஸ் மாற்றப்படும் பல கம்ப்யூட்டர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பிரஷ்தான்.

சூடு கெப்பாசிட்டரையும் தின்னும். அதன் உள்ளே இருப்பது திரவம். வெப்பம் கூடக் கூட ஆவியாகிக் கசியும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்ற கணக்கு இங்கும் பொருந்தும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெப்பாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும், 75இல் 16,000தான். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் கடையில் முன்னது எட்டரை வருடத்துக்கு மேல், பின்னது நாலரைகூட இல்லை. பஞ்சு அடைத்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சுத்தமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் உள்ளே பத்து டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். மதர்போர்டில் இருக்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது என்று பொருள். 2000களின் முதல் பாதியில் உலகம் முழுக்க மதர்போர்டுகள் இப்படி உப்பிச் செத்தன. அப்போது குற்றம் கெப்பாசிட்டருக்குள் ஊற்றிய திரவத்தின் கலவையில்; இப்போது பெரும்பாலும் சூட்டில்.

மழைக்காலத் தாள்

மின்சாரம் சரியாக இருந்தும் பிரிண்டர் மக்கர் செய்தால், தட்டில் இருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். லேசர் பிரிண்டரில் எழுத்து உருவாவது ஒரு டிரம்மின் மேல், நிலைமின்சாரமாக. தாளின் பின்புறம் எதிர் மின்னேற்றம் கொடுத்துத் தூளைத் தாளுக்கு இழுக்கிறார்கள். தாள் நல்ல காப்பானாக இருந்தால்தான் அந்த மின்னேற்றம் அதன் மேல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துப்போட்ட தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும். மின்னேற்றம் கசிந்து, எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். ஃபியூசரின் சூட்டில் ஈரம் ஆவியாகித் தாள் சுருண்டு சிக்கும். கோடையில் நேர்மாறு. உலர்ந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாகப் போகும். இரண்டுக்கும் ஒரே வழி, தாளை அதன் உறையிலேயே வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, விசிறிவிட்டு வைப்பது.

அச்சில் ஒரு புள்ளியோ கறையோ திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேலை எடுங்கள். சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர், சுற்றளவு 75. கறைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர் என்றால் குற்றவாளி டிரம். கார்ட்ரிட்ஜை மாற்றினால் தீரும். தூரம் வேறாக இருந்தால் வேறு உருளை. விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா? ஃபியூசர் சூடாகவில்லை. லோ வோல்டேஜில் சூடேற நேரமாகும் என்பதால், பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்.

இங்க் டேங்க் பிரிண்டருக்குக் கரண்ட் போவது வேறு விதத்தில் எமன். வேலை முடிந்ததும் அதன் தலை ஓர் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் முடியிழையைவிட நுண்ணிய அதன் துளைகளில் மை காயாது. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால் இது நடக்கும். சுவர் சுவிட்சைத் தட்டினாலோ, அச்சின் நடுவே கரண்ட் போனாலோ தலை திறந்தபடி நடுவழியில் நிற்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் அப்படியே விட்டால் மை அடைத்துக்கொள்ளும். லேசருக்கு யுபிஎஸ் ஆகாது; சில வாட் மட்டுமே எடுக்கும் இங்க் டேங்குக்கு யுபிஎஸ் நல்லது.

அச்சின் நடுவே கரண்ட் போனால் கம்ப்யூட்டரின் வரிசையில் பாதி அச்சான வேலை சிக்கிக் கிடந்து, அடுத்து வரும் எல்லாவற்றையும் மறிக்கும். விண்டோஸில் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, வரிசையைக் காலி செய்து, மறுபடி தொடங்கினால் போதும். கேபிளை வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதுப் பிரிண்டராக எண்ணி 'காப்பி 1' என்று இன்னொன்றை உருவாக்கும். அச்சு பழைய பெயருக்கே போய்க் காத்திருக்கும். எந்தப் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

இணையமே வேலை செய்யவில்லை என்ற புகாருக்குக்கூடச் சில நேரம் பவர்தான் காரணம். மதர்போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் நாணயப் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் இல்லாதபோது கடிகாரம் நின்று, தேதி பல வருடம் பின்னே போய்விடும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. கம்ப்யூட்டரின் தேதிப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்றாகி, அரசுத் தளங்கள் திறக்க மறுக்கும். ஒரு நாணயப் பேட்டரியில் தீரும் காரியம்.

எங்கிருந்து தொடங்குவது

பழுது தேடுவதில் அனுபவசாலிகள் இரண்டு விதிகளை விடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மாற்றியதில் பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சுற்றைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். பிரிண்டரை கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, அதன் சொந்தச் சோதனைத் தாளை அடிக்கச் சொல்லுங்கள்; ஒழுங்காக அடித்தால் பழுது கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ. கம்ப்யூட்டரை யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டும்போது ஒழுங்காக ஓடினால் பழுது யுபிஎஸ்ஸில். வேறு தெருவில் இருக்கும் நண்பர் வீட்டில் நாள் முழுக்க ஓடினால் பழுது நம் வீட்டு லைனில். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும். நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

இதையெல்லாம்விட உதவுவது சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு சீட்டு. பழுது வரும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, மழையா வெயிலா, வீட்டிலோ தோட்டத்திலோ மோட்டார் ஓடியதா, பிரிண்ட் போய்க்கொண்டிருந்ததா என்று எழுதுங்கள். மும்முனை வரும் நேரத்தோடு பொருந்தினால் வோல்டேஜ். கோடையில் மட்டும் என்றால் எர்த் அல்லது சூடு. மழையில் மட்டும் என்றால் தாள். பிரிண்ட் கொடுக்கும்போது மட்டும் என்றால் சுமை. "சிஸ்டம் சரியில்ல" என்று சொன்னால் யாராக இருந்தாலும் விண்டோஸிலிருந்துதான் தொடங்குவார்கள். பத்து வரி எழுதிய அந்தச் சீட்டைப் பார்த்தால், கூப்பிட வேண்டியது கம்ப்யூட்டர் மெக்கானிக்கையா, எலெக்ட்ரீஷியனையா, லைன்மேனையா என்பது கூப்பிடும் முன்பே தெரிந்துவிடும்.